அதுல எந்தத் தெரு?

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயர் கேட்பதற்கு முன்பே ஊர் கேட்டுவிடுவோம். எந்த ஊரு? நாங்குநேரிப் பக்கம். நாங்குநேரிப் பக்கம்னா எங்கன? இன்ன ஊரு. அதுல எந்தத் தெரு? மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அதற்கு மேல் பேச்சு எந்தக் குரலில் போக வேண்டும் என்பதும் முடிவாகிவிடும். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, சர்ச் இருக்கிற பக்கமா கோயில் இருக்கிற பக்கமா, இதையெல்லாம் திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் பொது மருத்துவத்தில் பேராசிரியர். இருபது வருஷத்துக்கு மேலாக வார்டில் நின்று இந்த மூன்று கேள்விகளையும் வருகிற நோயாளிகள் எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன், அன்பாகத்தான் கேட்கிறோம் என்றும் நம்பியிருந்தேன்.

தென் மாவட்டங்களில் மூன்று கல்லூரிகளில் வேலை பார்த்திருக்கிறேன். கீழே எழுதுவது எது எங்கே நடந்தது என்று தெரியாதபடி வேண்டுமென்றே கலந்து எழுதுகிறேன். ஒரு கல்லூரியைக் குற்றம் சொல்வது என் நோக்கம் இல்லை. மருத்துவ ஆசிரியர்களுக்கு சாதிப் பாகுபாடு பற்றிப் பயிற்சி நடத்த நினைக்கிறவர்கள் இரண்டு பேராவது இதைப் படித்தால், நான் விழுந்த குழிகளில் அவர்கள் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

2019இல் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்தபோது மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் விதம் எல்லாவற்றையும் சேர்த்து ஏட்காம் என்று ஒன்று வந்தது. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் லாக் புக்கில் தங்கள் மனதில் பட்டதை ஒரு பக்கம் எழுத வேண்டும், நாங்கள் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் ஒருவர் எழுதியதை முப்பது பேர் பார்த்து எழுதியிருப்பார்கள், நாங்களும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவோம். ஒரு ராத்திரி அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. கிட்டத்தட்ட இப்படி எழுதியிருந்தது:

"மேடம் பாட்டியிடம் ஊர் கேட்டார்கள். அப்புறம் தெரு கேட்டார்கள். பாட்டி காலனி தாயி என்று சொன்னார். அதுவரைக்கும் சீனியர் அவரிடம் வாங்க, உட்காருங்க என்று பேசிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் கையைக் காட்டு என்று சொன்னார். பாட்டி கட்டிலிலிருந்து இறங்கிக் கீழே நின்றுகொண்டார். வயிற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஸ்கேன் எழுதினோம்."

அந்த மேடம் நான்தான். அவ்வளவு பேர் சுற்றி நின்றிருந்தோம், இதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தக் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். வயிறு மென்மையாக இருக்கிறது, உறுப்புகள் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை என்று அழகாக எழுதியிருந்தது. தொடாமலே எழுதியிருக்கிறோம். பாட்டியைப் படுக்கச் சொல்லி, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நானே வைத்துப் பார்த்தேன், இடது விலாவுக்குக் கீழே வீங்கிய மண்ணீரல் இரண்டு விரல் அளவு தட்டுப்பட்டது. ஸ்கேனில் எப்படியும் தெரிந்திருக்கும் என்று சொல்லலாம்தான். ஆனால் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருந்தது அதற்கும் இரண்டு நாள் கழித்து. அவசரத்தில் விட்டுப்போயிருக்கலாம் என்றும் சொல்லலாம். அதே ரவுண்ட்ஸில், அதே அவசரத்தில், பக்கத்துக் கட்டிலில் இருந்த ரிட்டயர்டு வாத்தியாரம்மாவின் வயிற்றை மூன்று பேர் தொட்டுப் பார்த்தோம், அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அதற்கு முன்பே, கொரோனா காலத்தில், அமெரிக்காவில் மருத்துவ ஆசிரியர்களுக்காக நடத்திய ஓர் ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். இனவெறி மருத்துவத்துக்குள் எப்படி வேலை செய்கிறது, ஆசிரியர்கள் அதை எப்படிப் பார்க்கப் பழக வேண்டும் என்பதுதான் பாடம். 2016இல் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வெள்ளை இன மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் எடுத்த ஆய்வைக் காட்டினார்கள். கறுப்பர்களுக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பியவர்கள் பாதிப் பேர். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். கேட்டபோது பாவம் என்று நினைத்தேன், வேறு ஏதோ தேசத்தின் கதை என்று மூடி வைத்துவிட்டேன். லாக் புக்கைப் படித்த பிறகு அந்தக் குறிப்புகளைத் திரும்ப எடுத்து, இனம் என்று வருகிற இடத்திலெல்லாம் சாதி என்று போட்டுப் படித்தேன். பாதி அப்படியே பொருந்தியது. பொருந்தாத பாதிதான் முக்கியம். அங்கே நிறம் கண்ணுக்குத் தெரியும். இங்கே வார்டில் படுத்திருக்கிற இரண்டு பேரும் ஒரே கறுப்பு, ஒரே கைலி, ஒரே பேச்சு. கேட்டால்தான் தெரியும், அதனால்தான் கேட்கிறோம். அப்புறம், அங்கே அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிப் பேசுகிறார்கள். எங்கள் டிபார்ட்மென்டில் சாதி என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டோம், கம்யூனிட்டி என்றுதான் சொல்வோம், அதையும் குரலைத் தாழ்த்தித்தான்.

சரி, நாமே ஒரு பயிற்சி வைப்போம் என்று கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவில் பேசி அரை நாள் வாங்கினேன். என் முதல் தப்பு அங்கே ஆரம்பித்தது. படம் போட்டுப் பேசினேன், டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் புகார்களை விசாரித்த தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கை பற்றிச் சொன்னேன், எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அதன் பிறகு, அமெரிக்கப் பயிற்சியில் செய்தார்களே என்று, யாராவது தங்கள் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டேன். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி ஒரே ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத அசிஸ்டன்ட் புரொஃபசர். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை மேடம் என்றார். டீ இடைவேளைக்குப் பிறகு அவர் அறைக்குத் திரும்பி வரவில்லை.

அவருக்கு நான் செய்ததை இன்னமும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காயம்பட்டவர்தான் காயத்தைத் திறந்து காட்ட வேண்டும், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்ற ஏற்பாடே ஒரு கொடுமை. சொன்னால் நாளைக்கு அதே சீஃபின், அதாவது யூனிட் தலைவரின், கீழ் வேலை பார்க்க வேண்டியவர் அவர். சொல்லாவிட்டால் இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்பதற்கு அவரே சாட்சியாகிவிடுவார், அன்றைக்கு நடந்தது அதுதான். அவர் எழுந்து போனதும் மூத்தவர் ஒருவர் நிறைவாகச் சொன்னார், ஆஸ்பத்திரியில் எங்கே சாதி இருக்கிறது, ரத்தத்தில் குரூப் தவிர வேறு என்ன பார்க்கிறோம் என்று. பயிற்சி நடத்த நினைக்கிறவர்கள் இதை ஒரு கட்டளையாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அறையில் யாரிடமும் சொந்த அனுபவம் கேட்காதீர்கள். அவர்களாக வந்து சொன்னால் அது வேறு.

அடுத்த முறை மனசை விட்டுவிட்டு மெஷினில் ஆரம்பித்தோம். இது என் யோசனை இல்லை, நுரையீரல் பிரிவில் இருக்கும் நண்பர் சொன்னது. மருத்துவ ஆசிரியரைப் பார்த்து உங்களிடம் பாகுபாடு இருக்கிறது என்றால் கதவைச் சாத்திவிடுவார், உங்கள் மெஷினில் இருக்கிறது என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார் என்றார். அப்படியே நடந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டரை மேஜையில் வைத்தோம். 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். தோல் கறுப்பாக இருந்தால் மெஷின் கூட்டிக் காட்டுகிறது. அறை அமைதியாகிவிட்டது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், 94 என்ற எண்ணை வைத்துத்தான் யாருக்குக் கட்டில், யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று நாங்கள் முடிவு செய்துகொண்டிருந்தோம், வெயிலில் கறுத்த விரல்களில் மாட்டி. ஒரு சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். யார் முகம் ஞாபகம் வந்ததோ, நான் கேட்கவில்லை.

அப்புறம் நுரையீரல் நண்பர், ஊத வைத்து நுரையீரலின் திறனை அளக்கிற ஸ்பைரோமீட்டரைக் கொண்டு வந்தார். ஊதுவதற்கு முன்னால் அது வயது, உயரம், பாலினம் கேட்கும், கூடவே இனமும் கேட்கும். டெக்னீஷியன் தினமும் யோசிக்காமல் ஒன்றை அமுக்கிவிட்டுப் போகிறார். அந்தக் கேள்வியின் பூர்வீகத்தை நண்பர் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர் அடிமைகளை ஊதச் சொல்லி அளந்து, இவர்கள் நுரையீரலே குறைபாடானது, அதனால் உழைப்புதான் இவர்களுக்கு நல்லது என்று எழுதினார். அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு நோய் என்று 1851இல் பெயர் வைத்தவரும் அவரே. இனம் பார்க்காத கணக்குக்கு மாறச் சொல்லி அமெரிக்க நுரையீரல் மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தது 2023இல்தான். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிற கணக்கும் இப்படித்தான். 2009இல் வந்த வாய்பாட்டில் நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னார்கள், கெட்டுப்போன சிறுநீரகம் தாளில் நன்றாக இருப்பதாகத் தெரியும், மாற்று சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் தாமதமாக ஏறும். 2021இல் அதை எடுத்தார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு சமூக மருத்துவப் பேராசிரியர் எழுந்து, நம்ம பாடத்தில் ஒன்று இருக்கிறதே என்றார். கிராமக் குடும்பங்களின் சமூக பொருளாதார நிலையை அளக்க 1964இல் உதய் பரீக் வகுத்த அளவுகோல். நிலம், வீடு, படிப்பு, தொழிலோடு சாதிக்கும் மார்க் உண்டு. பட்டியல் சாதி என்றால் 1, ஊரில் ஆதிக்கமான சாதி என்றால் 6. எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம், தேர்வுக்குப் படித்தது. அன்றைய கிராமம் எப்படி இருந்ததோ அப்படி அளந்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 1 ஏன் 1, அந்த 6 ஏன் 6 என்று நாங்கள் ஒருவர்கூட மாணவர்களிடம் ஒரு நிமிஷம் பேசியதில்லை. அட்டவணையாகக் கற்றோம், அட்டவணையாகவே கற்றுக் கொடுத்தோம். அன்றைக்குத்தான் அந்த அறையில் சாதி என்ற சொல் முழுக் குரலில் வந்தது.

இதற்குப் பிறகு அரை நாள் பயிற்சியையே விட்டுவிட்டோம். சனிக்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்ததும் இருபது நிமிஷம், வார்டுக்குப் பக்கத்து அறையில், அவ்வளவுதான். முதல் வருஷம் மருத்துவர்களின் தொடர்பயிற்சிக் கணக்கில் சேரும் கிரெடிட் மணிநேரம் வாங்கித் தந்தோம், அதற்காகவே வந்தவர்களும் உண்டு, அதில் தப்பில்லை, வந்து உட்கார்ந்தால் போதும். சீஃப்கள் வந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். கையுறை வருகிற அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தோம். வார்டில் கண்டதை, கேட்டதைச் சீட்டில் எழுதிப் போடலாம். எழுத ஒன்றும் இல்லை என்றாலும் எல்லாரும் ஒரு வெற்றுச் சீட்டைப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குப் பக்கத்தில் போனவர் யார் என்று பார்த்துவைத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் முதலில் படித்து, ஊர், வார்டு, ஆண் பெண் எல்லாவற்றையும் மாற்றி வேறு கையெழுத்தில் எழுதிய பிறகுதான் கூட்டத்தில் வாசிப்போம். ஒரு தடவைக்கு இரண்டு சீட்டு, அதற்கு மேல் எடுத்தால் எதையும் பேசி முடிக்க முடியாது. பேசுவது ஒரே கேள்வி: நீங்கள் அந்த இடத்தில் சீஃபாக நின்றிருந்தால் அடுத்த நிமிஷம் என்ன சொல்லியிருப்பீர்கள்? சரியான வாசகத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனதில் நல்லது நினைக்கிறவர்களுக்கும் அந்த நேரத்தில் வார்த்தை வராது, ஊசி போடக் கற்றுக்கொள்வது மாதிரி இதற்கும் கை பழக வேண்டும்.

வந்த சீட்டுகளில் நிறையப் பேர் எழுதியது கயிறு பற்றி. கையில் கலர் கயிறு கட்டுவது எங்கள் ஜில்லாவில் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வெட்டிய பிறகு, அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. அந்தப் பையன்களில் சிலர்தானே நாளைக்கு எங்கள் ஹவுஸ் சர்ஜன்கள். நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போட வருகிறவர் கையில் இருக்கிற கயிற்றின் நிறத்தைப் படுத்திருக்கிறவர் பார்க்கிறார், அவர் கையில் இருப்பதை இவர் பார்க்கிறார், ஊசி போடும் அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் எல்லாம் பேசி முடிந்துவிடுகிறது. நாங்கள் கிருமித் தடுப்பு விதியை எடுத்தோம். முழங்கைக்குக் கீழே கயிறு, வாட்ச், மோதிரம், வளையல் எதுவும் கூடாது, எல்லாருக்கும். கோயிலில் கட்டியது என்று சொன்னவர்களுக்காக முதலில் என் கையில் இருந்த கோயில் கயிற்றை அவிழ்த்தேன். சண்டை இல்லாமல் வார்டில் கயிறு குறைந்தது. ஆனால் கிருமியின் பெயரைச் சொல்லிக் கழற்ற வைத்ததை நான் முழு நேர்மை என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை உண்மைக் காரணத்தையும் சொன்னோம், அப்போது கேட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார்கள். நோயாளியின் கயிறு வேறு விஷயம். ஆபரேஷனுக்கு முன்னால் வெட்ட வேண்டுமென்றால் அனுமதி கேட்டு, வெட்டியதைக் கவரில் போட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். குப்பைத்தொட்டியில் போட்டதற்கு ஒரு தடவை வார்டே ரெண்டுபட்டது.

ஒரு சீட்டில், செய்முறைத் தேர்வின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் ஊரைக் கேட்டார், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார், அப்புறம் தமிழ் மீடியமா என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார் என்று எழுதியிருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகு, வீட்டில் முதல் முறையாகக் கல்லூரி வாசல் மிதிக்கிற பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள், எனக்கு அது பெருமை. அந்தப் பிள்ளையின் கை அந்தக் கேள்விக்கப்புறம் நடுங்கியிருக்கும், ஸ்டெதாஸ்கோப்பை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்றே தெரிந்திருக்காது. இதற்கு வழி சுலபமாகவே இருந்தது. மார்க் எழுதிக் கையெழுத்துப் போடும் வரை ஊர், அப்பா, பள்ளிக்கூடம், பெயர்க்காரணம் எதையும் கேட்கக் கூடாது, எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே வரிசை. பதற்றத்தைப் போக்கத்தானே கேட்கிறோம் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். பதற்றத்தைப் போக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்றோம்.

நாங்கள் அதிகம் வாதம் செய்தது நீ, நீங்க பற்றித்தான். இங்கிலீஷில் பயிற்சி எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அங்கே எல்லாருக்கும் ஒரே சொல். நம் மொழியில் வாயைத் திறந்ததும் தராசைத் தூக்கிவிடுகிறோம். அவரவர் தன் ஓ.பி.யில் ஒரு காலை மட்டும் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, யாருக்கு வாங்க சொன்னோம், யாருக்கு வா சொன்னோம் என்று கோடு போட்டுப் பார்க்கச் சொன்னோம். தாளை யாரிடமும் காட்ட வேண்டாம், கிழித்துப் போட்டுவிடலாம். என் தாளைப் பார்த்து எனக்கே முகம் சுருங்கிவிட்டது. பேன்ட் போட்டவர்கள் எல்லாம் ஒரு கட்டத்தில், கைலியும் கண்டாங்கிச் சேலையும் இன்னொன்றில், அதிலும் தெரு சொன்னவர்கள் தனியாகத் தெரிந்தார்கள். ஒரு மூத்தவர் விடவில்லை, எங்க ஆச்சியை நான் நீன்னுதான் கூப்பிடுவேன், நெல்லைச்சீமையில் அது பிரியம், ங்க போட்டால் அந்நியமாகிவிடும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆச்சி உங்களைத் திருப்பி நீ என்று சொல்லலாம், ஏலே என்றுகூடக் கூப்பிடலாம், இந்த நோயாளி உங்களை அப்படிக் கூப்பிட முடியுமா என்று நுரையீரல் நண்பர் கேட்டார். மூத்தவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர் யூனிட் வழியாகப் போனபோது, வேட்டியை மடித்துக்கொண்டு கூசி நின்ற ஒரு பெரியவரிடம், ஐயா உட்காருங்க, உட்கார்ந்து சொல்லுங்க என்று அவர் சொல்வது கேட்டது. எல்லாருக்கும் ங்க, துப்புரவுப் பணியாளர்கள் உட்பட, என்று எங்கள் யூனிட்டில் வைத்தோம். அவர்களையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்தபோது ஒரு அக்கா சொன்னார், கழுத்தில் அட்டை தொங்குது, அதுல பேரு பெருசா இருக்கு, ஒருத்தரும் படிச்சதில்ல, ஏம்மா, ஏ இங்க வா, இவ்வளவுதான் என் பேரு என்று. அங்கே இருந்த ஒரு பேராசிரியருக்கும் பதில் வரவில்லை.

ஊர் கேட்பதை நிறுத்த முடியுமா? முடியாது, கூடாது. காய்ச்சலோடு வந்தவர் எந்த ஊர் என்று தெரியாமல் டெங்குவையோ எலிக்காய்ச்சலையோ எப்படிப் பிடிப்பது. ஆனால் மூன்றாவது கேள்வியை மாற்றலாம். அதுல எந்தத் தெரு என்பதற்குப் பதிலாக, இங்க வர எத்தனை பஸ் மாறணும்? முதலில் ஏதோ சமாளிப்பாகத்தான் இதைக் கண்டுபிடித்தோம், கேட்க ஆரம்பித்த பிறகுதான் அதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. காரையாறு பக்கத்துக் காணி பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வருவார், சர்க்கரை நோய், பத்து வருஷமாகக் கேஸ் ஷீட்டில் மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்றே எழுதிக்கொண்டிருந்தோம். பஸ் கேள்வியைக் கேட்டதும் அவர் விரல்விட்டு எண்ணினார். காட்டுக்குள் நடை, அப்புறம் பாபநாசத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து அம்பை வழியாக இன்னொன்று, இங்கே இறங்கி டவுன் பஸ். நாங்கள் ஓ.பி. சீட்டை மூடும் நேரத்துக்குத்தான் அவர் வந்து சேர்கிறார், மூன்று தடவை திரும்பிப் போயிருக்கிறார், போனதை யாரும் எழுதவில்லை. இன்சுலினை எங்கே வைக்கிறீங்க என்று கேட்டபோது கூரையில் சொருகி வைப்பதாகச் சொன்னார், ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, கவரில் சுற்றி வைக்கிற விதத்தை சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தோம், நடுவில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளச் சீட்டு எழுதினோம். முக்கூடலிலிருந்து வரும் பீடி சுற்றுகிற அக்காவுக்கும் இப்படித்தான். ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் அன்றைக்குக் கடைக்குக் கணக்குக் கொடுக்க முடியாது, கூலி போச்சு, அதனால்தான் ரிவியூவுக்கு வருவதில்லை. இப்போது எங்கள் யூனிட்டில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று எழுதினால் பக்கத்திலேயே ஏன் என்று ஒரு வரி எழுதாமல் சீஃப் கையெழுத்துப் போடக் கூடாது. மாணவர்கள் கேஸ் சொல்லும்போதும் அந்த வரி வர வேண்டும், வராவிட்டால் திரும்பக் கட்டிலுக்கு அனுப்புவேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து யூனிட்டில் பழைய கேள்விகள்தான் ஓடுகின்றன. அன்றைக்கு எழுந்து போன அசிஸ்டன்ட் புரொஃபசர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார், போவதற்கு முன் அவர் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை மேடம் என்றார், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. லாக் புக்கில் எழுதிய மாணவர் யார் என்பது எனக்குத் தெரியும். அவரை நான் எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட்டுப் பேசச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தின் கீழே, படித்தேன், பாட்டியைப் பார்த்தேன், மண்ணீரல் இருக்கிறது, நன்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் பெட்டியில் ஒரு சீட்டு வந்தது. ஹவுஸ் சர்ஜன் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். ராத்திரி கேஷுவாலிட்டியில் தலையில் அடிபட்டவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாராம். கூட வந்தவர் பக்கத்தில் நின்று, டாக்டருக்கு எந்த ஊரு என்றாராம். சொன்னார். அதுல எந்தத் தெரு என்றாராம். பாதித் தையல் பாக்கி, கையில் ஊசி. "வேறு தெருவைச் சொன்னேன். தையல் நன்றாகத்தான் போட்டேன்" என்று முடிந்திருந்தது சீட்டு. அந்த இடத்தில் சீஃபாக நின்றிருந்தால் அடுத்த நிமிஷம் என்ன சொல்லியிருப்பேன் என்று நானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், இன்னும் சரியாக வரவில்லை. வருகிற சனிக்கிழமை அதைத்தான் எடுக்கிறோம்.